நாற்பத்தெட்டு நாள் உண்மை

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையிலுள்ள எங்கள் குடியிருப்பில் பதினோரு ஆண்டுகள் எல்லா வீட்டு மோட்டார்களையும் பழுது பார்த்தவரின் பெயரை அறியாதிருந்தது பெருமைக்குரிய செய்தியன்று. ஆனால் அறிய வேண்டிய தேவை எழவில்லை. ஆண்டில் பத்து மாதங்கள் அவர் 'மெக்கானிக்'. கார்த்திகை பிறந்து, கழுத்தில் துளசிமணி மாலை ஏறிவிட்டால் 'சாமி'. இந்த இரண்டு விளிகளுக்கு நடுவே ஒரு பெயர் நுழைய இடமே இருக்கவில்லை.

இப்போது ஐயப்பன்தாங்கல் பக்கம் குடிபோய்விட்டார் என்று கேள்வி. அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று பலமுறை யோசித்தேன். தெளிவு பிறக்கவில்லை. பிறக்காமலே எழுதுகிறேன்.

மெக்கானிக்காக இருக்கும் மாதங்களில் அவரைப்போல் சரளமாகப் பொய் சொல்லும் ஒருவரை நான் கண்டதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் தொழிற்சாலை நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். விடுப்பு விண்ணப்பங்களிலேயே எத்தனையோ கற்பனைகளைப் படித்திருக்கிறேன். அவரிடம் எல்லாம் தோற்றுப்போகும். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, எங்கே இருக்கிறாய் என்று கைப்பேசியில் கேட்டால், "உங்க தெருமுனைல வந்துகினே கீறேன் சார், ரெண்டே நிமிசம்" என்பார். பின்னணியில் பூந்தமல்லிப் பேருந்து நிலையத்தில் நடத்துநர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவுவது கேட்கும். மறுநாள் வந்து நின்று, "மச்சான் தவறிட்டாரு சார்" என்பார். அந்த மச்சான் ஒரே ஆண்டில் மூன்று முறை தவறினார். மூன்றாம் முறை என் மனைவி, "பாவம், எத்தனை தடவைதான் சாவார்" என்று சொல்லிவிட்டுக் காபி கொடுத்தாள்.

கார்த்திகை முதல் தேதி எல்லாம் மாறிவிடும். கறுப்பு வேட்டி, வெறுங்கால், இருவேளைக் குளியல், தரையில் படுக்கை. இவை எல்லோரும் செய்வதுதான். இவருடைய விரதத்தில் கூடுதலாக ஒன்று இருந்தது. மாலை கழுத்தில் இருக்கும்வரை பொய் சொல்லமாட்டார். சிறிய பொய்கூட இல்லை. "இன்னைக்கு வரமாட்டேன் சாமி. நாளைக்கு பதினொண்ணு மணிக்கு வரேன்" என்றால், பதினொன்றுக்குக் கதவு தட்டப்படும்.

இதை அறிந்துகொண்ட எங்கள் குடியிருப்புப் பெண்கள் கார்த்திகை மாதத்தை ஒரு விசாரணைக் காலமாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஆண்டு முழுவதும் அவர் சொன்ன பொய்களைச் சேர்த்து வைத்திருந்து அப்போது கேட்பார்கள்.

"சாமி, உங்க மச்சான் நிஜமாவே போயிட்டாரா?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள்.

"இல்ல மாளிகைப்புறம். நல்லா கீறாரு. நேத்துகூட பிரியாணி துன்னாரு. எனக்குதான் ஒரு கறித்துண்டு போச்சேன்னு வவுத்தெரிச்சல்."

"அப்போ எங்க சாவு வீட்டுக்குப் போனீங்க?"

"டாஸ்மாக்கு."

கூசாமல் சொல்வார். சிரிக்கவும் மாட்டார். கேட்டவர்கள்தாம் சிரித்து ஓய்வார்கள்.

எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இருந்ததில்லை. குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் நான் சனிக்கிழமை மாலைகளில் நூலக அறையில் அறநூல்களைப் பற்றிப் பேசி வந்தேன். கல்லூரியில் தத்துவம் படித்தவன். குறி கேட்பது, கயிறு கட்டுவது, கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வது முதலியவற்றைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறேன். ஒழுக்கம் என்பது அறிவிலிருந்து வரவேண்டும், அச்சத்திலிருந்தல்ல என்பது என் நிலைப்பாடு. ஒரு சனிக்கிழமை அவரை மனத்தில் வைத்துக்கொண்டே, நாட்காட்டி பார்த்து நல்லவராக இருப்பவர்களைப் பற்றிச் சற்று ஏளனமாகவும் பேசினேன். அவர் கடைசி வரிசையில், தரையில், உட்கார்ந்திருந்ததைப் பேச்சு முடிந்த பிறகுதான் கவனித்தேன்.

வெளியே வந்தபோது அருகில் வந்தார். "நல்லா பேசினீங்க சாமி. ஆனா நான் நாப்பத்தெட்டு நாளாவது கீறேன். பன்னண்டு மாசமும் மாலைய போட்டுகினா தாங்காது சாமி. இவ்ளோதான் எனக்கு வெயிட்டு தூக்க முடியும்."

பதில் சொல்ல வாயெடுத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நல்ல பதிலாக இருந்திருந்தால் நினைவிருந்திருக்கும்.

அவருடைய உண்மையால் எல்லோருக்கும் நன்மை விளைந்ததாகவும் சொல்லமுடியாது. எதிர்வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட எண்ணியிருந்தார். வாங்க வந்தவர், முற்றத்தில் மோட்டாரைத் திறந்துவைத்துக்கொண்டிருந்த இவரிடம், "போர்ல தண்ணி எப்படி?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். "பங்குனி வந்தா வராது சாமி. வந்தாலும் உப்பு" என்றார் இவர். வாங்க வந்தவர் போனவர்தான். எதிர்வீட்டுக்காரர், "ஒரு வாரம் கழிச்சு அந்த மாலையைப் போட்டிருக்கக் கூடாதாய்யா?" என்று கத்தினார். "மன்னிச்சிக்கோ சாமி" என்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மோட்டாரை மூடிக்கொடுத்துவிட்டுப் போனார் இவர். அன்று அவர் செய்தது சரியா என்று என்னை யாராவது கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். முடிவு சொல்லியிருப்பேனா என்பது வேறு.

இனிமேல்தான் நான் சொல்லத் தயங்குவது வருகிறது.

எங்கள் குடியிருப்பின் பிள்ளையார் கோயிலில் ஒரு வெள்ளிப் பஞ்சபாத்திரம் இருந்தது. கையடக்கமான தீர்த்தக் கிண்ணம். ஒரு கார்த்திகைச் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில் அது காணாமற்போனது. அந்த நேரத்தில் கோயிலுக்குள் நுழைந்து பிராகாரம் பெருக்குபவர் ஒரே ஒருவர்: எங்கள் துப்புரவுப் பணியாளர். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்மணி, கணவரை இழந்தவர், பம்ப் அறைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் பிளஸ் டூ படிக்கும் மகளோடு வசித்தார். ஞாயிறுதோறும் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு தேவாலயத்துக்குப் போவார்.

மறுநாள் நூலக அறையில் கூட்டம் கூடியது. வழக்கமான ஆராதனையை விட்டுவிட்டு அந்த அம்மாள் சுவரோரம் நின்றார். சங்கச் செயலாளர், ஓய்வு பெற்ற ஃபோர்மேன், உரத்த குரல்காரர்.

"போலீசுக்கெல்லாம் வேணாம். பிள்ளையார் முன்னாடி கற்பூரத்தை அடிச்சு, எடுக்கலைன்னு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. முடிஞ்சுது."

"நான் எடுக்கலைய்யா" என்றார் அந்த அம்மாள்.

"அதைத்தான் சத்தியமா சொல்லுன்னு சொல்றோம்."

"சத்தியம் பண்ணமாட்டேன்யா."

அறையில் ஒரு சலசலப்பு.

"உங்க சாமி மேலயே பண்ணும்மா. பைபிளைக் கொண்டாந்து அது மேல பண்ணு. எங்களுக்கு எதுவா இருந்தா என்ன?" என்றார் செயலாளர். அவர் அளவில் அது பெரிய விட்டுக்கொடுத்தல்தான்.

"எது மேலயும் பண்ணக்கூடாதுன்னுதான்யா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கு. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. நான் எடுக்கல."

அவருடைய மதத்தில் அப்படி ஒரு போதனை உண்டு என்பதை அந்த அறையில் அறிந்திருந்தவன் நான் ஒருவனே என்று நினைக்கிறேன். ஆணையிடுதலைப் பற்றி வெவ்வேறு சமயங்கள் என்ன சொல்கின்றன என்று ஒரு சனிக்கிழமை முழுவதும் பேசியவன் நான். எழுந்து அதை விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. தலைவர் ஒரு பக்கம் சாயக்கூடாது என்று எண்ணினேன். அதுதான் காரணமா என்று இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

"எடுக்காதவளுக்குச் சத்தியம் பண்ண என்ன பயம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அத்தோடு முடிந்துவிட்டது. அறையிலிருந்த நாற்பது பேரும் அவர் சத்தியத்துக்கு மறுத்ததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். குருக்களை ஒருமுறை கேட்டேன். "நான் நிர்மால்யம் களைஞ்சுண்டு இருந்தேன், இவா எப்போ பெருக்கினான்னு கவனிக்கலை" என்றார். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்துகொண்டு போய்விடவேண்டும் என்று செயலாளர் முன்மொழிந்தார். மார்ச்சில் அந்த அம்மாளின் மகளுக்குப் பொதுத்தேர்வு. அந்த அம்மாள் அப்போதும் அழவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் நின்றார்.

யாராவது மறுக்கிறீர்களா என்று முறைப்படி நான் கேட்டேன்.

"நான் பேசலாமா சாமி?"

வாசலில் மெக்கானிக் நின்றிருந்தார். கறுப்பு வேட்டி, இருபது நாள் தாடி, கையில் கிரீஸ். அது அவருக்குப் பதினெட்டாவது மாலை. பதினெட்டாம் ஆண்டு மலைக்குப் போகிறவர் தென்னங்கன்று ஒன்றைச் சுமந்துபோய் அங்கே நடவேண்டும். அதோடு அவர் குருசாமி ஆவார். அதற்கான கன்றை அவர் முன்பே வாங்கிவைத்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நேத்து ஐயரு கீறப்பவே இந்தம்மா கோயில பெருக்கிட்டு வந்துட்டாங்க சாமி. ஒன்பதுலேந்து பத்தரை வரைக்கும் எங்கூடதான் பம்ப் ரூம்ல இருந்தாங்க. மோட்டரு கழட்ட எனக்கு டார்ச்சு பிடிச்சிகினு இருந்தாங்க. அதுக்கப்புறம் கோயில் பக்கமே போகல."

செயலாளர், "மாலை போட்டிருக்கிற சாமி சொல்றாரு. அதுக்கு மேல என்ன இருக்கு?" என்றார். கற்பூரம் தேவைப்படவில்லை. அவர் கழுத்தில் கிடந்த துளசிமணியே சத்தியமாக ஏற்கப்பட்டது.

நான் மட்டும் நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது பொய். சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு அவர் பம்ப் அறையில் இல்லை. திருநின்றவூரில், ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்புறம், தோளில் கருவிப் பையோடு போய்க்கொண்டிருந்தார். என் கண்ணால் பார்த்தேன்.

அது குறி சொல்லும் அம்மாள் ஒருவருடைய வீடு. அந்த வீட்டு வாசலில், கையில் எலுமிச்சம்பழத்துடன், ஒன்பதாவது ஆளாக நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஏன் நின்றேன் என்று விரிவாகச் சொல்ல விரும்பவில்லை. என் மகன் என்னோடு பேசி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. படித்த புத்தகங்கள் எதுவும் அவன் எப்போது பேசுவான் என்று சொல்லவில்லை. வங்கியில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். மெக்கானிக்கைக் கண்டதும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்றே நம்பினேன்.

ஆகவே அந்தக் கூட்டத்தில் அவருடைய சொல்லைப் பொய் என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். சொன்னால் அடுத்த கேள்வி, "நீங்க அங்க எதுக்கு சார் போனீங்க?" என்பதாக இருக்கும். இன்னொருவருக்கும் தெரியும். அந்த அம்மாள். செயலாளர் அவரிடம், "ஏம்மா, இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்றார். ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை என்று சற்று முன்பு சொன்னவர், இப்போது இரண்டையும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதை நாணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"தீர்மானம் கைவிடப்படுகிறது" என்று நான் நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல் திருத்தமாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவரைத் தெருவில் கண்டேன். முகம் மழிக்கப்பட்டிருந்தது. காலில் செருப்பு. கழுத்து வெறுமையாக இருந்தது. வீட்டில் யாரேனும் இறந்தால் மட்டுமே நடுவில் மாலையைக் கழற்றுவார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"யாரும் சாவல சார்."

சார் என்று சொன்னார். இரண்டு நாள் முன்பு சாமி என்று அழைத்த வாய்.

"அப்புறம்?"

"பொய் சொல்லிட்டு மலைக்கு எப்படி சார் போறது? எங்க குருசாமி கழட்ட மாட்டேன்னாரு. நல்லதுக்குதானே சொன்ன, ஒரு பரிகாரம் பண்ணிக்கலாம்னாரு. நானே பிள்ளையார் காலாண்ட வெச்சிட்டேன். தென்னங்கன்ன எங்க குரூப்புல ஒருத்தன் எடுத்துகினான்."

என்ன பொய் என்று நான் கேட்கவில்லை. கேட்காததே அவருக்கு ஏதோ சொல்லியிருக்கவேண்டும். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனார்.

மாசி மாதத்தில், கோயில் பூக்களைக் கொட்டும் உரக்குழியைத் தோண்டியபோது, மட்கிய பூக்களுக்கும் வில்வ இலைகளுக்கும் நடுவே பஞ்சபாத்திரம் கறுத்துப்போய்க் கிடந்தது. பழைய மாலைகளைக் களைந்தபோது குருக்கள் அதையும் சேர்த்து வாரிச் சாக்கில் போட்டிருக்கிறார். செயலாளர் நேரே பம்ப் அறைக்குப் பின்னால் போய், அந்த அம்மாளைக் கைகூப்பிக் கும்பிட்டு, "பிள்ளையார் காப்பாத்திட்டாரும்மா" என்றார். "ஆமாங்கய்யா, கர்த்தர் காப்பாத்திட்டார்" என்றார் அவர். இருவருக்கும் அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. அந்த ஆண்டு விழாவில், பதற்றமான நேரத்தில் நடுநிலை காத்ததற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அணிந்துகொண்டேன். மறுப்பது நாகரிகமாக இருக்காது.

இந்தக் கணக்கை நான் எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் குற்றமற்ற ஒரு பெண் தெருவில் நின்றிருப்பார். மெக்கானிக் பொய் சொன்னதால் நியாயம் நிலைத்தது. அப்படியானால் அவருடைய சமயம் அவருக்குக் கற்பித்தது எதை? பொய் சொல்லாதே என்பதையா, அல்லது மாலையின் மேலுள்ள நம்பிக்கையைத் தேவையான இடத்தில் செலவிடு என்பதையா? இரண்டாவதுதான் என்றால் மாலையை ஏன் கழற்றினார்? முதலாவதுதான் என்றால் ஏன் பொய் சொன்னார்? நான் படித்த நூல்கள் இரு பக்கமும் சாட்சிக்கு வருகின்றன. சனிக்கிழமைப் பேச்சை அந்த ஆண்டோடு நிறுத்திவிட்டேன். தொண்டை சரியில்லை என்று சொன்னேன்.

அடுத்த கார்த்திகையில் எங்கள் வீட்டு மோட்டார் நின்றது. வந்தார். மாலை இல்லை.

"இந்த வருஷமும் போடலையா?"

"இல்ல சார்."

"அதுதான் பாத்திரம் கிடைத்துவிட்டதே. அந்த அம்மாள் எடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. நீங்கள் சொன்னதில் தவறில்லை என்று ஆகிவிட்டதே." முதல் முறையாக அவரை 'நீங்கள்' என்று, மாலை இல்லாதபோது, அழைத்தேன்.

திருகாணியைக் கழற்றியபடியே சொன்னார்: "அவங்க எடுக்கலன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாதே சார்."

"தெரியாமலா சொன்னீர்கள்?"

"எடுத்திருந்தாலும் சொல்லியிருப்பேன். எல்லாரும் கைய கட்டிகினு பாத்துகினு கீறாங்க. அந்தம்மா தனியா நிக்குது. என் கழுத்துல மாலை கீது. நான் சொன்னா நம்புவாங்கன்னு தெரியும். வேற இன்னாத்துக்கு சார் அது?" சற்று நிறுத்தினார். "ஆனா சொல்லிட்டு அதையே போட்டுகினு திரிஞ்சா அது ஏமாத்து. அதான் கழட்டிட்டேன்."

மின்தேக்கியை மாற்றினார். கையைத் துணியில் துடைத்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"உங்கள ஒண்ணு கேக்கணும் சார். ஒரு வருசமா கேக்கணும்னு. அன்னிக்கு திருநின்னவூர்ல நீங்க என்னைய பாத்தீங்க. நானும் பாத்தேன், எலுமிச்சம்பழத்தோட நின்னுகினு இருந்தீங்க. நான் பொய் சொல்றேன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வாயத் தொறப்பீங்கன்னுதான் நெனச்சேன். நீங்கதான் எப்பவும் நியாயம் பேசறவரு. ஆனா அந்தம்மாவுக்காக சும்மா இருந்தீங்க."

அவர் கழற்றிவைத்த திருகாணிகளைப் பொறுக்கி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. அவ்ளோ படிச்சும் அந்தப் பொய்ய உள்ள வெச்சிகினீங்க பாருங்க." அவர் முகத்தில் ஏளனத்தின் சாயலை நான் தேடினேன். இல்லை. "எனக்காவது கழட்டி வெக்க ஒரு மாலை இருந்திச்சு. நீங்க இன்னா சார் பண்ணீங்க?"

அந்தம்மாவுக்காக அல்ல என்ற சொற்கள் வாய்வரை வந்தன. அவர் காத்திருந்தார். அறிந்துகொள்ள விரும்பும் ஒருவர் காத்திருப்பதுபோல.

"மோட்டார் ஓடுகிறதா, பாருங்கள்" என்றேன்.

சுவிட்சைப் போட்டார். தண்ணீர் ஏறியது.